கடலூரில் களிமண், புதுச்சேரியில் விலை

2025 ஜூன் 15, ஞாயிறு: வடலூர் வழியாக

திருச்சியில் பேருந்து ஏறும்போதே வெயில் சுள்ளென்று அடித்தது. கையில் துணிமணி குறைவு, மண்தான் அதிகம். சலித்து, பிசைந்து, பாலிதீனில் சுற்றிய களிமண், இரண்டு சாக்குப் பை நிறைய. நடத்துநர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அம்மிக்கல்லா?" என்றார். மண் என்றேன். "கடலூர்ல மண்ணுக்கா பஞ்சம்?" என்று கேட்டுக்கொண்டே லக்கேஜ் சீட்டைக் கிழித்தார். அவர் கேட்டது எவ்வளவு சரி என்று மறுநாள்தான் தெரிந்தது.

வடலூரில் இறங்கித் தருமசாலையில் சாப்பிட்டேன். வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. சோறு, சாம்பார், ஒரு பொரியல். சாதியா, ஊரா, எதற்கு வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் என் சாக்கைப் பார்த்து, "காணிக்கை அரிசியா?" என்று விசாரித்தார்.

அந்த மரியாதை கடலூர் ஆட்டோவில் இல்லை. இல்லம் இருக்கும் இடத்தைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ... அந்தப் பொம்பளைங்க இருக்கிற எடமா?" பேசிய கூலி 180. சில்லறை இல்லை என்று 200 எடுத்துக்கொண்டார். பார்த்த பார்வைக்கும் சேர்த்து வசூல் போலிருக்கிறது.

இல்லத்தின் பெயரையும் இடத்தையும் எழுதப்போவதில்லை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கடத்தலிலிருந்தும் கொத்தடிமை வேலையிலிருந்தும் மீட்கப்பட்ட பெண்கள் கொஞ்ச காலம் தங்கி, ஒரு தொழில் கற்றுக்கொண்டு வெளியேறும் இடம். நடத்தும் அக்கா எனக்குப் பழக்கம். நான் வீட்டில் டெரகோட்டா நகை செய்து விற்கிறவள், வகுப்பும் எடுப்பேன். "மண்ணுக்குச் செலவு கம்மி, கரன்ட் வேண்டாம், மனசுக்கும் ஒரு ஆறுதல். வந்து சொல்லிக்கொடு" என்று கூப்பிட்டிருந்தார்.

என்னைத் தங்கவைத்த அறையில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. திறந்தால் குப்பென்று மெழுகு வாசனை. முன்பு நடந்த ஒரு பயிற்சியில் செய்த மெழுகுவர்த்திகள், வெயிலுக்கு வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கீழ்த்தட்டில் ஃபினாயில் பாட்டில்கள். அதற்கும் கீழே, கெட்டியாகப் போய்விட்ட ஊதுபத்தி மாவு. அக்காவிடம் கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான் கத்துக்கிட்டாங்க. வாங்கத்தான் ஆள் வரல" என்றார்.

ஜூன் 16, திங்கள்: தொடாதவர்

வகுப்பு ஒரு தகரக் கொட்டகையில். பத்து மணிக்கே உள்ளே அனல். ஒன்பது பேர், எல்லோரும் பதினெட்டைத் தாண்டியவர்கள். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே நம் சட்டத்தில் தனிக் குற்றம். அதனால் இங்கே யாருக்கும் பெயர் இல்லை. முதலில் உருட்டிய மணியை வைத்து நானே பெயர் கொடுத்துவிட்டேன். மிளகு அளவுக்கு உருட்டியவர் மிளகு. தட்டையாக, ஓரம் கூராகச் செய்தவர் பூசணி விதை. எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். நீக்கச் சொன்னதை நீக்கிவிட்டேன்.

பாலிதீனைப் பிரித்து மண்ணை மேசையில் வைத்ததும் ஒருவர் எழுந்து போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். முப்பது வயதிருக்கும். அக்கா சமாதானம் செய்யக் கிளம்பினார். வேண்டாம் என்று கை காட்டினேன். டீ வந்தபோது அவரே சொன்னார். "ஆறு வயசுலேருந்து இதே மண்ணுதான் டீச்சர். அம்மாவும் அப்பாவும் கல் அறுப்பாங்க, நான் திருப்பிப் போடுவேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிடுவாங்க. இந்த வாசனையே எனக்கு ஆகாது."

செங்கல் சூளை. மழைக்காலம் முடிந்ததும் மேஸ்திரி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார். குடும்பத்தோடு லாரியில் ஏறுவார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வாரா வாரம் செலவுக்குக் கொஞ்சம் தருவார்கள், அதுவும் கடன் கணக்கில் சேரும். சீசன் முடிந்து கணக்குப் பார்த்தால் முன்பணம் குறைந்திருக்காது, கூடியிருக்கும். அடுத்த வருடமும் அதே சூளைக்குத்தான் போயாக வேண்டும். இடையில் ஊர்த் திருவிழாவுக்குப் போக விடமாட்டார்கள். அப்படியே விட்டாலும் ஒரு பிள்ளையை அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள்.

அதே மேசையில் இன்னொரு அம்மா. அவரும் சூளையில் இருந்தவர்தான், ஐம்பதை நெருங்குகிறார். இவர் நேர் எதிர். நான் ஆசை ஆசையாகத் திருச்சியிலிருந்து சுமந்துவந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து, பலகையில் ஓங்கி அடித்து, விரலால் கிள்ளி, "மணல் பத்தல. சுட்டா வெடிக்கும்" என்றார். கொல்லையிலிருந்து ஒரு கை மணல் அள்ளிவந்து, முந்தானையில் சலித்துப் போட்டுப் பிசைந்தார். மண் அதற்கப்புறம்தான் என் கைக்கே அடங்கியது. இனி அவர் சூளைக்காரம்மா.

மதியம் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும். பண்ருட்டியிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய பலாப்பழம் ஒன்று வந்தது. சூளைக்காரம்மாவே கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தார். சுளை, தேன் நிறம். கொட்டைகளை யாரும் தூக்கிப்போட விடவில்லை, இரவுக் குழம்புக்கு.

ஜூன் 17, செவ்வாய்: சங்கரா

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அது முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பிய நேரம். காலையிலேயே காப்பாளர் அம்மா முதுநகர் துறைமுகத்துக்குப் போய்விட்டார். வஞ்சிரத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சொன்னார்களாம். "அத வாங்குற மூஞ்சியா நமக்கு?" என்று சங்கரா வாங்கி வந்தார், கிலோ 300. புளியைக் கொஞ்சம் தூக்கலாக விட்டு, மாங்காய் போட்டு ஒரு குழம்பு. இதைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பதிவு எழுதலாம்.

வகுப்பில் ஜிமிக்கி. ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, அதன் மேல் மண் தகடைப் போர்த்தி, விளிம்பைச் சீவ வேண்டும். ஈரம் கொஞ்சம் இறங்கியதும் பந்தைக் கழற்றிவிட்டு, விளிம்பைச் சுற்றி மிளகு மணிகளை ஒட்ட வேண்டும். ஒரு ஜிமிக்கிக்குப் பதினெட்டு மணி. எல்லாம் ஒரே அளவில் இல்லாவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது இந்த மணியில்தான்.

மிளகு தடுமாறவில்லை. இரண்டு விரலுக்கு நடுவே ஒரு சுழற்று, அவ்வளவுதான், மணி விழும். எப்படி என்று கேட்டேன். நூற்பாலையில் இழை அறுந்தால் எந்திரம் ஓட ஓடவே முடிச்சுப் போட வேண்டுமாம். பதினைந்து வயதில் போனவர். மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று பேச்சு. சுமங்கலித் திட்டம் என்று கொங்குப் பக்கத்து ஆலைகளில் ஓடிய ஏற்பாடு. விடுதியை விட்டு வெளியே போக முடியாது. வீட்டுக்குப் பேசினால் பக்கத்தில் ஒருவர் நிற்பார். பஞ்சுத் தூசியில் இருமல் வந்து, மூன்று வருடம் முடியச் சில மாதம் இருக்கையில் அனுப்பிவிட்டார்கள். மொத்தப் பணம் வரவில்லை. "முழுசா முடிச்சாத்தான் பணம்னாங்க." சொல்லிக்கொண்டே இன்னும் ஆறு மணி உருட்டிவிட்டார்.

சுவரோரத்தில் இருந்தவர் இன்றும் மண்ணைத் தொடவில்லை. ஆனால் யார் எத்தனை செய்தார்கள் என்று ஒரு பழைய டைரியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்: மழை

ஜூன் மாதத்தில் சாயங்கால இடிமழையை யார் எதிர்பார்த்தது? நாலு மணிக்கு வானம் கறுத்தது, நாலே காலுக்குக் கொட்டியது. நிழலில் காய்ந்துகொண்டிருந்த தட்டுகளைச் சமையலறைக்கு ஓட்டமாகத் தூக்கினோம். ஒரு தட்டு வழுக்கி விழுந்தது, இருபது ஜோடி போச்சு. கரன்டும் போனது.

அரிசி மூட்டைக்கும் ஜிமிக்கித் தட்டுக்கும் நடுவே உட்கார்ந்து காகிதங்களைப் பற்றிப் பேசினோம். சுவரோரக்காரர் (அவரை இனிமேல் கணக்கு என்றே அழைக்கிறேன்) ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து காட்டினார். கோட்டாட்சியர் கையெழுத்திட்ட விடுதலைச் சான்றிதழ். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்த முன்பணக் கடன் மொத்தமும் ரத்து, யாரும் திருப்பிக் கேட்க முடியாது. இந்தத் தாள் இல்லாவிட்டால் மறுவாழ்வு உதவிக்கு மனுப் போடவே வழியில்லை. உடனடியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். அதற்கு மேல் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தலும் பாலியல் சுரண்டலும் சேர்ந்த கொடுமையான நிலையில் 3 லட்சம் என்று மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. பெரிய தொகை பெரும்பாலும் வழக்கோடு சேர்ந்து நடக்கும், வழக்கு அதன் வேகத்தில் நடக்கும். இவருக்கு உடனடித் தொகை வந்துவிட்டது. மீதிக்காகக் காத்திருக்கிறார்.

"அதுவரைக்கும் சாப்பிடணுமே டீச்சர். அதுக்குத்தான் உங்க ஜிமிக்கி."

ஆறுதல், மனம் லேசாவது என்றெல்லாம் அக்கா சொன்னதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். மண்ணில் கை வைத்தால் மூச்சு நிதானமாகும், எனக்கே ஆகும். ஆனால் ஒன்பது பேரில் ஒருவர்கூட என்னிடம் ஆறுதல் கேட்கவில்லை. கொக்கி எங்கே மலிவு, பெயின்ட் எங்கே வாங்குவது, ஒரு ஜோடி என்ன விலை போகும், இவைதான் கேள்விகள்.

ஜூன் 19, வியாழன்: வாளிச் சூளை

நான் வீட்டில் சுடுவது ஓட்டை போட்ட இரும்பு வாளியில். அடியில் மரத்தூள், அதன்மேல் மணிகள், மேலே வரட்டி. சூளைக்காரம்மா வாளியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். லட்சம் கல் வேகிற சூளையைப் பார்த்தவர். "இதுல சோறு வேணா பொங்கலாம்" என்றவர், பிறகு பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

முதலில் ஒரு மணி நேரம் புகை மட்டும், தீ கிடையாது. நேற்றைய மழை ஈரம் மண்ணில் இன்னும் இருக்கிறது, அவசரப்பட்டால் மணி வெடிக்கும். கையைப் புகைமேல் நீட்டி, உள்ளங்கையில் ஈரம் படிகிறதா என்று பார்த்தார். படிவது நின்ற பிறகுதான் முந்திரி விறகு. பக்கத்துத் தோப்பில் விழுந்த கிளை, நன்றாகப் பிடித்து எரிந்தது. உள்ளே இரண்டு முறை டப், டப் என்றது. "ரெண்டு போச்சு" என்றார் நிமிராமல். ஆறிய பிறகு எண்ணினோம். உடைந்தது சரியாக இரண்டு.

பாதியைக் கறுப்பாக்கலாம் என்று நான் சொன்னேன். தணல் சிவந்திருக்கும்போதே உமியைக் கொட்டிக் காற்றுப் போகாமல் மூடினால் புகை மண்ணுக்குள் ஏறிக் கறுக்கும், சாயம் வேண்டாம். இது அவருக்குப் புதிது. மூடியைத் திறந்தபோது மழையில் நனைந்த எருமை நிறத்தில் ஜிமிக்கிகள் கிடந்தன. "கல்லு இப்படிக் கறுத்தா மேஸ்திரி கூலிய புடிச்சிருவான். இதுக்கு இங்க விலை ஜாஸ்தியா?" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

அரைத்தூக்கத்தில் இருந்த மதியத்தில் ஒரு பிரமுகர் கூட்டம் வந்தது. சால்வை, பிஸ்கட் பாக்கெட், புகைப்படக்காரர். அக்கா வாசலிலேயே படம் எடுக்கக் கூடாது என்றார். பின்னே எதற்கு வந்தோம் என்ற முகத்தோடு கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பிஸ்கட் நன்றாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி: கூலி

இன்றுதான் உண்மையான வகுப்பு நடந்தது. எடுத்தவர் கணக்கு.

டைரியை விரித்துக் கேட்டார். "ஒரு ஜோடிக்குக் கொக்கி, பெயின்ட், வார்னிஷ், அட்டை எல்லாம் சேர்த்து எவ்வளவு?" பதினெட்டு ரூபாய் வரும் என்றேன். "ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி முடிக்கலாம்? உருட்டி, தேய்ச்சு, சுட்டு, வண்ணம் அடிச்சு எல்லாம் சேர்த்து?" பழகிய கைக்குச் சராசரியாகப் பத்து. "அப்ப ஒரு ஜோடிக்குக் கூலி முப்பத்தஞ்சு வைங்க. நூறு நாள் வேலைக்கே இப்ப 336 ரூபா. அதுக்குக் கீழ வந்தா நான் எதுக்கு இங்க உட்காரணும்? மண்வெட்டி எடுத்துட்டுப் போயிருவேன்."

இல்லத்தில் முதலில் யோசித்திருந்தது மாதம் ஓர் உதவித்தொகை, விற்றால் வரும் பணம் பொதுவில். அக்கா அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கணக்கு அசையவில்லை. "பொதுன்னா யார் எழுதுவாங்க அக்கா? சூளையிலயும் மேஸ்திரிதான் எழுதுவான். நாங்க அறுத்தது ஆயிரத்து இருநூறு, அவன் நோட்டுல ஆயிரம். உடைஞ்சது, நனைஞ்சதுன்னு கழிச்சிருவான்." சுவரில் பெரிய தாள் ஒட்ட வேண்டும், யார் எத்தனை ஜோடி, கூலி எவ்வளவு என்று எல்லோர் கண்ணிலும் படும்படி எழுத வேண்டும், உடைந்ததற்குக் கழிக்கக் கூடாது என்றார். பூசணி விதை உடனே எழுந்து தாள் ஒட்டினார். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, எழுது" என்றார். அந்தச் சரிக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அவர்தான் எனக்கு ஒரு பழைய தீர்ப்பையும் சொன்னார். 2011 பிப்ரவரியில், கொல்கத்தாவில் கொல்லப்பட்ட ஒரு பாலியல் தொழிலாளியின் வழக்கில், உச்ச நீதிமன்றம் தானாகவே மறுவாழ்வுப் பேச்சை எடுத்தது. தொழிற்பயிற்சி கொடுங்கள் என்று மத்திய, மாநில அரசுகளுக்குச் சொன்னதோடு நிற்கவில்லை. தையல் போன்ற வேலை கற்றுக்கொடுத்தால் அதை விற்கச் சந்தைக்கும் ஏற்பாடு செய்யுங்கள், இல்லாவிட்டால் தைத்தது விற்காமல் கிடக்கும், அந்தப் பெண்ணால் தன் வயிற்றைக் கழுவ முடியாது என்றும் அதிலேயே இருக்கிறது. எனக்கு அந்த மெழுகுவர்த்தி அலமாரி ஞாபகம் வந்தது. நீதிபதிகளுக்குப் பதினான்கு வருடம் முன்பே தெரிந்திருக்கிறது. பயிற்சி நடத்தப் பணம் கொடுக்கிறவர்களுக்கு, சான்றிதழ் விழாப் படம் வந்தால் போதும் போலிருக்கிறது.

சாயங்காலம் வெள்ளிக் கடற்கரைக்கு ஷேர் ஆட்டோவில் போனோம், வர விரும்பிய ஆறு பேர். இந்த ஓட்டுநர் நல்ல மனிதர், ஊர்ப் பெருமை பேசிக்கொண்டே வந்தார். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டது, நமச்சிவாயப் பதிகம் பாடிக்கொண்டே அவர் மிதந்து வந்தது, கரையேறிய இடத்துக்கு இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர், திருப்பாதிரிப்புலியூர் மக்கள் திரண்டு வரவேற்றது. சூளைக்காரம்மா உம் கொட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில், "அவர ஊரே கூடி வரவேத்துச்சு. நான் திரும்பிப் போனப்ப எங்க ஊர்ல பஞ்சாயத்துதான் கூடுச்சு" என்றார். ஆட்டோ குலுங்கச் சிரித்தார்கள். ஓட்டுநருக்கு மட்டும் விளங்கவில்லை.

சுண்டல் 20, மிளகாய்ப் பொடி தடவிய மாங்காய் 20, பஜ்ஜி பிளேட் 40. காற்று நன்றாக அடித்தது. இந்தக் கடற்கரைதான் பழைய தேவனாம்பட்டினம். 1622, 1623இல் டச்சுக் கம்பெனி இங்கிருந்தும் பழவேற்காடு முதலிய துறைமுகங்களிலிருந்தும் ஏறத்தாழ 1,900 பேரை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியது. கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் இரண்டாயிரம் பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி ஆட்கள் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்கள். இதை அங்கே நான் சொல்லவில்லை. மிளகு அலையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். பதினைந்து வயதிலிருந்து கடலைப் பார்க்கவில்லையாம்.

ஜூன் 21, சனி: புதுச்சேரி

கணக்கு, பூசணி விதை, அக்கா, நான். ஒரு டப்பாவில் முப்பது ஜோடி.

முதலில் ரோமேன் ரோலான் வீதியில் கிளூனி சபைக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் எம்பிராய்டரி மையத்துக்குப் போனோம். 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஏழைப் பெண்களுக்குத் தையல் வேலை கொடுத்துவரும் இடம். மேசை விரிப்பின் ஓரத்தில் ஊசி போன வழியைப் பூசணி விதை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், அங்கும் ஒரு முடிச்சு துருத்தவில்லை. "இத யாரும் பாவம்னு வாங்க மாட்டாங்க, அழகுன்னுதான் வாங்குவாங்க" என்றார். பெரிய நகரம் ஒன்றில் வீட்டு வேலை என்று கூட்டிப்போய் விற்கப்பட்டவர். இந்த நாட்களில் அவர் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் இதுதான்.

பிறகு கடைகள். வெயிலில் பிரெஞ்சு வீதிகளின் மஞ்சள் சுவர்கள் கண்ணைக் கூசின. ஒவ்வொரு வாசலிலும் யாராவது போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள், சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. ஒரு கடையில் டெரகோட்டா ஜிமிக்கி 450 ரூபாய் என்று ஒட்டியிருந்தது. கணக்கு அதைக் கையில் எடுத்துத் திருப்பி, "மணி ஒண்ணு சின்னது ஒண்ணு பெருசு" என்று என் காதில் சொன்னார்.

இரண்டாவது கடைக்காரர் உட்காரவைத்து மோர் கொடுத்தார். சரக்கு பிடித்திருந்தது, குறிப்பாகக் கறுப்பு. விற்ற பிறகு பணம், நாற்பது சதவீதம் கடைக்கு. அப்புறம் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்: "இவங்க கதைய அட்டையில ஒரு நாலு வரி போட்டா வெளிநாட்டுக்காரங்க நூறு ரூபா கூடக் கொடுப்பாங்களே? சுனாமிகா பொம்மை மாதிரி?"

சுனாமிகா தெரியாதவர்களுக்கு: 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில், மீனவக் கிராமத்துப் பெண்கள் மிச்சத் துணியில் செய்யத் தொடங்கிய குட்டிப் பொம்மை. அதை விற்பதில்லை, கொடுப்பார்கள், நன்கொடையில் நடக்கிறது. நல்ல முயற்சி, என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் சுனாமி வந்ததற்கு எந்த ஊரும் மீனவப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. இங்கே அப்படியா? நான் வாயைத் திறக்குமுன் கணக்கு முந்திக்கொண்டார். "அட்டையில மண்ணு எந்த ஊரு, எப்படிச் சுட்டதுன்னு போடுங்க சார். எங்களப் பத்தி வேண்டாம். நூறு ரூபா கம்மியானாலும் பரவால்ல. நாற்பதுன்னீங்க, முப்பதுக்கு வாங்க."

முப்பத்தைந்தில் முடிந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே ரசீது எழுதினார். இன்னொரு டம்ளர் மோர் வந்தது.

மதியச் சாப்பாடு ஒரு மெஸ்ஸில், அளவுச் சாப்பாடு 110. காரக்குழம்பு சுமார், அப்பளம் நமத்துப்போயிருந்தது. வார்னிஷும் பெயின்டும் வாங்கிக்கொண்டு திரும்பினால் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பேருந்தை நிறுத்தினார்கள். புதுச்சேரியிலிருந்து வரும் பையில் பாட்டில் சத்தம் கேட்டால் போலீஸ் விடுமா? ஒரு காவலர் எங்கள் பையைத் திறந்து, வார்னிஷ் பாட்டிலை முகர்ந்து, முகத்தைச் சுளித்தார். "இத என்னம்மா பண்ணுவீங்க?" என்றார். பூசணி விதை தன் காதிலிருந்த ஜிமிக்கியைத் தொட்டுக் காட்டினார். "நல்லாருக்கே, என்ன விலை?" என்றார் காவலர். கணக்கு 180 சொன்னார். அவர் மனைவிக்காக ஒரு ஜோடி வாங்கினார். பணத்தை எண்ணிக் கொடுத்தார். பேருந்து முழுக்கக் கைதட்டியது.

ஜூன் 22, ஞாயிறு: கிளம்பும் நாள்

காலையில் இட்லியும் பலாக்கொட்டைச் சாம்பாரும். கிளம்புவதற்குள் ஒரு சண்டை. மிளகு பதினைந்து ஜோடி முடிக்கிறார், மற்றவர்கள் பத்து. மணி உருட்டுவதற்கு மட்டும் அவருக்குத் தனிக் கூலி கொடுத்து, மற்றவர்கள் ஒட்டுவது என்று வைத்தால் வேகமாகும் என்றேன். சூளைக்காரம்மாவுக்கு அதில் உடன்பாடில்லை. நாள் முழுக்க ஒரே வேலை என்றால் அது மறுபடியும் மில்தான் என்றார். அரை மணி நேரம் சத்தம். முடிவாக, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அப்படிச் செய்து பார்க்கலாம் என்றார்கள். மிளகுக்கு இதில் பாதி திருப்திதான்.

பேருந்து நிலையம் வரை அக்கா வந்தார். வாளி அங்கேயே இருக்கட்டும், அதற்குப் பதில் உண்மையான சிறிய சூளை ஒன்று செங்கல்லில் கட்டப்போகிறோம் என்றார். கட்டப்போகிறவர் யார் என்று கேட்கத் தேவையில்லை. வில்லியனூர் டெரகோட்டாவுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அங்கே போய்க் கைவினைஞர்களிடம் மண் பக்குவம் கேட்டு வாருங்கள் என்று சொல்லிவைத்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கணக்கிடமிருந்து குரல் செய்தி. புதுச்சேரிக் கடையில் கறுப்பு எல்லாம் விற்றுவிட்டது, இன்னும் நாற்பது ஜோடி கேட்கிறார், நவராத்திரிக்குச் சேர்த்து நூறு வேண்டுமாம். கடலூரில் கொக்கி விலை அதிகம், திருச்சியில் வாங்கி ஐந்நூறு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அனுப்பினேன். பணம் வேண்டாம் என்றும் சொன்னேன். அரை மணியில் பதில் வந்தது: "அப்படியெல்லாம் வேண்டாம் டீச்சர், கொக்கி விலை சொல்லுங்க, கூரியருக்கு எவ்வளவு ஆச்சு அதையும் சொல்லுங்க. நோட்டுல எழுதணும்."

கூரியர் 140.